சின்ன வாய் டப்பா

கண்ணைச் சிமிட்டுவதில்லை என்று கோகிலவாணி முடிவு செய்திருந்தாள். நடக்கிற காரியமா அது, இருந்தாலும் முடிவு செய்திருந்தாள். அடுப்பில் வைத்த பாலை முறைத்துக்கொண்டே நின்றால் அது பொங்குவதில்லை, யாரோ கூப்பிட்டார்களே என்று அந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் போதும், மேடையெல்லாம் பால். இப்போது அவள் முறைத்துக்கொண்டிருந்தது லேப்டாப் திரையில் இருந்த இரண்டு எண்களை. இடது தொண்ணூற்று நாலு, வலது தொண்ணூற்று மூன்று. ஓடிக்கொண்டிருக்கிற ரேஸ் காரின் இரண்டு பக்கத்து ரேடியேட்டரிலும் தண்ணீர் எத்தனை டிகிரி சூடு என்று அவை சொல்லிக்கொண்டிருந்தன. ரேஸ் தொடங்கி மூன்றாவது ரவுண்டு. செட்டிபாளையம் டிராக்கில் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேராக வந்து, டீம்காரர்கள் நிற்கிற பிட் சுவரில் கட்டியிருந்த பேனர்களைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, காதில் ஹெட்செட், ஹெட்செட்டுக்குள் வண்டி ஓட்டுகிற ஷாகுலின் மூச்சு, பக்கத்தில் நஞ்சப்பண்ணன், அவருடைய வெள்ளைச் சட்டையிலிருந்து விபூதி வாசம். வண்டி அவருடையது, டீம் அவருடையது. வண்டியின் இரண்டு விலாவிலும் ஒட்டிக்கொண்டு போகிற கறுப்பு டப்பாக்கள் மட்டும் இவளுடையவை. படத்தில் சைடுபாட் என்று எழுதுவாள், ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் அது டப்பா. ரேடியேட்டர் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் ஒரு வாய், அது வழியாகக் காற்று உள்ளே போய், ரேடியேட்டரைக் குளிரவைத்துவிட்டு, பின்பக்கமாக வெளியேற வேண்டும். அவ்வளவுதானே என்பார்கள். அவ்வளவுதானே என்கிறவர்களை உட்காரவைத்து ஒரே ஒரு டப்பா செய்யச் சொல்ல வேண்டும். பழைய டப்பாவின் வாய்க்குள் தலையணையைத் திணிக்கலாம், இவளுடையதில் ஒரு உள்ளங்கை போகும், அதுவும் மோதிரத்தைக் கழற்றிவிட்டால். முதல் தடவை பார்த்தபோது நஞ்சப்பண்ணன், "என்ன அம்மிணி, வாயைத் தெச்சு வெச்சிருக்கறே, வண்டி எப்பிடி மூச்சு உடும்?" என்றார். பிறகு நாலு நாள் பேசவில்லை. பிறகு அவராகவே வந்து சொன்னார், "உன்ற பேச்சுக்கு மாட்டிப் பாக்கறேன். எந்தப் பக்கமாச்சும் நூத்திப்பத்தைத் தொட்டுதுன்னு வையி, மறுபேச்சு இல்ல, பழைய டப்பாதான். இந்த வண்டிக்கும் அதுதான், இனி கட்டப்போற அஞ்சு வண்டிக்கும் அதுதான்." சரீங்ணா என்றாள். ஒன்றரை வருஷ உழைப்பை அந்த ஒரு சரிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டாள், திமிர்தான், வேறென்ன.

தொண்ணூற்று நாலு. அப்படியே இரு தங்கம், அங்கேயே இரு. நேர்பாதையில் வண்டிகள் விர்ரென்று கடந்தன, முதலில் மெட்ராஸ்காரர்களின் சிவப்பு வண்டி, அதன் பின்னாலேயே ஷாகுல், எண்கள் அசையவில்லை. இந்த நொடியில் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, அவளுக்குத் தெரியும், கண்ணை மூடினால் பார்க்கக்கூட முடியும், ஆனால் மூடுவதில்லை என்று முடிவு. சின்ன வாயில் பாய்ந்து நுழைகிறது, உள்ளே சுவர் மெல்ல மெல்ல அகலுகிறது, காற்றின் அவசரம் அடங்குகிறது, அடங்க அடங்க அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏறிய காற்று ரேடியேட்டரின் ஒவ்வொரு தகட்டு இடுக்கிலும் புகுந்து சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகிறது. பம்ப்செட் கம்பெனியில் பதினாலு வருஷம் அவள் வரைந்ததெல்லாம் இதைத்தான், பம்ப்புக்குள் சுழன்று வருகிற தண்ணீரை நிதானப்படுத்துகிற கூடு. தண்ணீருக்கும் காற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை, ஒன்று நனைக்கும், ஒன்று நனைக்காது. பம்ப்செட்காரிக்கு ரேஸ் வண்டியில் என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. கேட்கட்டும். பெரிய வாய் இருந்தால் நிறையக் காற்று வரும் என்று நினைக்கிற கூட்டம் அது. "உங்க வீட்டு முன்வாசலை எத்தனை அகலமாத் தொறந்து வெச்சாலும் பின்கதவு சாத்தியிருந்தா உள்ள காத்து வருமாங்ணா? வெளிய போற வழிதாங்ணா முக்கியம்" என்று நஞ்சப்பண்ணனிடம் விளக்கினாள். "எங்கூட்டுல பின்கதவைத் தொறந்தா நாயி வந்துரும்" என்றார் மனுஷன். அவரிடம் போய் விளக்கினாளே. காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற சுரங்கமெல்லாம் வெளிநாட்டுக்காரனிடம் இருக்கும், இங்கே என்ன இருக்கிறது, நூல் இருக்கிறது, கோயமுத்தூரில் நூலுக்கா பஞ்சம். வண்டி உடம்பு முழுக்கச் சிவப்பு நூலைத் துண்டு துண்டாக ஒட்டி, ஷாகுலை ஓட்டச் சொல்லி, மெக்கானிக் அந்தோணி பக்கத்தில் பைக்கில் போய் வீடியோ எடுத்தான். டிரைவரின் தோளையொட்டி இருந்த நூல்கள் சோம்பேறித்தனமாகச் சுருண்டு கிடந்தன, இரண்டு விரல் தள்ளி இருந்த நூல்கள் வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்து பறந்தன. அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. டப்பாவின் வாயை உடம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளிவைத்தாள், அடிப்பக்கம் இடுப்பு மாதிரி உள்வாங்கி வெட்டினாள், மிச்சக் காற்று அந்த இடுப்பு வழியாக வண்டியின் பின்பக்கம் போய் வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். பார்க்கவும் அழகு. அதை வேறு யாரும் சொல்லவில்லை என்பதால் அவளே சொல்லிக்கொண்டாள், தினமும் காலையில் ஷெட்டைத் திறந்ததும் ஒரு தடவை.

இடது தொண்ணூற்று எட்டு. சிமிட்டிவிட்டாளா, இல்லையே. வலது தொண்ணூற்று நாலிலேயே இருக்கிறது. சரி, ஷாகுல் சிவப்பு வண்டியின் முதுகோடு ஒட்டிப் போய்க்கொண்டிருக்கிறான், முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் பின்னால் ஒட்டிப் போகிறவனுக்கு எதிர்ப்புக் குறையும், வேகம் கூடும், ஆனால் டப்பாவுக்குச் சோறு குறைந்துவிடும், வருகிற கொஞ்சக் காற்றும் முன்வண்டி குடித்துவிட்டுத் துப்பிய சுடுகாற்று. அதனால் ஏறும். ஏறட்டும், அதற்கெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறாள். ஆனால் ஏறினால் இரண்டு பக்கமும் அல்லவா ஏற வேண்டும். இடது தொண்ணூற்று ஒன்பது. காற்றுதான், ஆடிக் காற்றுதான், மேற்கிலிருந்து வந்து ஒரு பக்கமாக அடிக்கிறது, ஒரு டப்பாவுக்கு விருந்து, இன்னொன்றுக்குப் பட்டினி. அப்பாடா என்றது மனசு. அப்பாடா என்ற கையோடு இன்னொரு மூலையிலிருந்து ஒரு குரல், அடியே, பின்னால் இருக்கிற நேர்பாதையில் வண்டி எதிர்த்திசையில் அல்லவா போகிறது, அங்கே காற்று மறுபக்கம் அடிக்க வேண்டுமே, அங்கேயும் இடதுதானே ஏறுகிறது. அந்தக் குரலை அவளுக்குப் பிடிக்காது, ஆனால் அது ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. நூற்று ஒன்று. நஞ்சப்பண்ணன் தொண்டையைச் செருமினார். பம்ப்செட் கம்பெனி மேனேஜரும் இப்படித்தான் செருமுவார், செருமிவிட்டு, நல்லா வந்திருக்கு, ஆனா சில திருத்தம் என்பார், திருத்தம் என்று ஒன்றும் இருக்காது, கடைசியில் கம்பெனி வெளியிட்ட புத்தகத்தில் அவள் வரைந்த கூடு, அதற்குப் பக்கத்தில் டை கட்டிய அவருடைய படம். கேண்டீனில் ஒருவன் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, சார் என்னமா பண்ணிருக்காருங் என்று அவளிடமே சொன்னான். ஆமாங் என்றாள். அந்த ஆமாங் இன்னும் தொண்டையில் நிற்கிறது. நஞ்சப்பண்ணன் அந்த மாதிரி ஆளில்லை, நிஜத்தைச் சொல்ல வேண்டும், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "இது அம்மிணி பண்ணுன டப்பா" என்றுதான் சொல்கிறார், என்ன, சொல்லிவிட்டு, "பாக்கலாம்" என்று ஒரு வார்த்தையைச் சேர்ப்பார். இன்றைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இடது நூற்று மூன்று, வலது தொண்ணூற்று ஐந்து.

ஸ்பாஞ்ச். ரேடியேட்டருக்கும் டப்பாவுக்கும் நடுவில் சுற்றிலும் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்ட வேண்டும், காற்று இருக்கிறதே, அது நம்ம ஊர் டூவீலர்காரன் மாதிரி, சுண்டு விரல் போகிற சந்து கிடைத்தால் போதும், ரேடியேட்டருக்குள் போக மாட்டேன் என்று அந்தச் சந்தில் புகுந்து போய்விடும். ஒட்டியது யார், இவள்தான். அந்தோணி ஒட்டுகிறேன் என்றான், நீங்க அவசரப்படுவீங்க, நானே ஒட்டறேன் என்று தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒட்டினாள். வலது பக்கம் முதலில் ஒட்டினாள், நிதானமாக, அழுத்தி அழுத்தி. இடது பக்கம் ஒட்டும்போது வீட்டுக்காரர் ஃபோன் பண்ணினார், இட்லி மாவு வாங்கணுமா என்று, ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் பட்டை. கீழ் மூலையை அழுத்தினாளா. அழுத்தியிருப்பாள். அழுத்திய ஞாபகம் விரலில் இல்லை, இட்லி மாவுதான் ஞாபகத்தில் இருக்கிறது. மாவுக்காக ஒரு வண்டி வேகும் என்றால், அந்தக் கேவலத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. போன வருஷம் இதே டிராக்கில் பழைய வண்டி வெந்தது, அப்போது இவள் வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான். மூன்றாவது வளைவில் வெள்ளைப் புகை, புகைக்குள்ளிருந்து ஷாகுல் எழுந்து ஓடிவந்தான், எஞ்சின் இறுகிப்போய் அப்படியே கட்டையாகிவிட்டது, அந்தோணி அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முழங்கை வரைக்கும் வெந்துபோனான். நஞ்சப்பண்ணன் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு, செத்த வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த நூற்றுப்பத்து அங்கேதான் பிறந்தது. அது எஞ்சினின் எண் இல்லை, எஞ்சின் நூற்றுப் பதினெட்டு வரைக்கும் தாங்கும் என்று அவளுக்கும் தெரியும் அவருக்கும் தெரியும், அது அவருடைய பயத்தின் எண். பயத்தோடு வாதாட முடியாது என்றுதான் சரீங்ணா என்றாள்.

"இடது நூத்தி நாலு" என்றார் நஞ்சப்பண்ணன். "பாத்துட்டுத்தாங்ணா இருக்கறேன்" என்றாள், குரல் வேண்டியதைவிடக் கொஞ்சம் காரமாக வந்தது. அவர் திரையைக் காட்டுவதற்காகக் கையை நீட்டினார். அந்த வெள்ளைச் சட்டையின் கை மடிப்பில் ஒரு செவ்வந்தி இதழ் செருகியிருந்தது. மஞ்சள், நீளமாக, மெலிசாக. அவள் அதைப் பார்த்தாள். எண்ணைப் பார்க்க மறந்து அதையே பார்த்தாள். காலையில் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் வண்டிக்குப் பூஜை உண்டு, தேங்காய், கற்பூரம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், கடைசியில் நஞ்சப்பண்ணன் பூ மார்க்கெட்டிலிருந்து வந்த கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளி உதிரிப் பூவை வீசுவார், அதில் மட்டும் மனுஷன் கஞ்சத்தனமே பார்ப்பதில்லை. ஷாகுல் ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார்ந்து அவன் பாட்டுக்குத் தன் பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டிருப்பான், பூ மடியில் விழுந்தால் எடுத்து ஓரமாக வைப்பான். இன்றைக்கு அண்ணன் எந்தப் பக்கம் நின்றார். கிழக்கே பார்த்து நின்றார், வண்டியின் இடது பக்கம். அப்புறம் அந்தோணி பூவைத் தட்டிவிட்டான், சீட்டிலிருந்து, டயரிலிருந்து, எப்போதும் போல. டப்பாவின் வாய்க்குள் விழுந்ததை யார் பார்த்தார்கள். பழைய டப்பாவின் வாயில் கம்பி வலை ஒன்று இருந்தது. எதுக்கு இது என்று கேட்டாள், கல்லு வராம இருக்க என்றார்கள், இந்த டிராக்குல கல்லு எங்க இருக்கு என்று கழற்றி எறிந்தாள், வலை காற்றைத் தின்கிறது, பத்தில் ஒரு பங்கு தின்கிறது, கணக்குப் போட்டுக் காட்டினாள். பூஜை முடிந்ததும் அந்தோணி பெயின்ட் பிரஷ்ஷால் அந்த வலையைத் தட்டிவிடுகிறதை எத்தனை தடவை பார்த்திருப்பாள், கல்லையா தட்டினான், பூவையல்லவா தட்டினான். ஆடிக் காற்றுக்குக் கணக்கு வைத்தாள், சித்திரை வெயிலுக்குக் கணக்கு வைத்தாள், முன்னால் போகிறவனின் சுடுகாற்றுக்குக்கூட வைத்தாள், தன் ஊரில் எதைத் தொடங்கினாலும் பூப் போடுவார்கள் என்பதற்கு மட்டும் வைக்கவில்லை. சிரிப்பு வந்தது. சிரித்தால் பைத்தியம் என்பார்கள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஸ்பாஞ்ச் இல்லை, ஸ்பாஞ்ச் இல்லை, இட்லி மாவு இல்லை. சின்ன வாய் பிழையில்லை. இதழ்கள் போய் ரேடியேட்டரின் முகத்தில் அப்பிக்கொண்டிருக்கின்றன, ஓடுகிற வரைக்கும் காற்று அவற்றை அங்கேயே அழுத்திப் பிடித்திருக்கும்.

சொல்லிவிடலாமா. அண்ணா, நீங்க போட்ட பூவுதாங்ணா. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன நினைப்பார், எண் ஏறினதும் சாக்குத் தேடுகிறாள், அதுவும் சாமி காரியத்தில் போய்த் தேடுகிறாள் என்று நினைப்பார். திறந்து காட்டாமல் எப்படி நம்புவார். திறக்க வேண்டும் என்றால் வண்டியை உள்ளே கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் ரேஸ் போச்சு. நூற்று ஆறு. நஞ்சப்பண்ணன் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு அவள் பக்கம் குனிந்தார். "கூப்புட்ரு அம்மிணி. எஞ்சினு போனா இன்னொன்னு எங்க போறது. ஆசப்பட்டே, பாத்துட்டோம், போதும்." ஆசப்பட்டே. அந்தச் சொல் சுருக்கென்றது. ஆசைப்பட்டு வாங்குகிறதற்கு இது என்ன வளையலா. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், "தாங்கும்ங்ணா." "எதை வெச்சுச் சொல்றே?" "சித்திரையில இங்க நாப்பது டிகிரி அடிக்கும்ல, அதுக்குத் தாங்கற மாதிரிதான் பண்ணிருக்கறேன். இன்னைக்கு வெளிய இருபத்தொம்பதுதான். அந்த மிச்சம் கையில இருக்குது. இப்ப அதைத்தான் தின்னுட்டிருக்குது." அவர் அவளைப் பார்த்தார். பார்ப்பது கன்னத்தில் சூடாகத் தெரிந்தது. அப்புறம் ஹெட்செட்டைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டார், அது சரி என்று அர்த்தமா, நாசமாப் போ என்று அர்த்தமா, தெரியவில்லை, ஆனால் கூப்பிடச் சொல்லவில்லை. அவள் பேசுகிற பொத்தானை அழுத்தினாள். "ஷாகுல், நேர்பாதையில அவன் முதுகோட ஒட்டாத. அரை வண்டி அகலம் இடப்பக்கம் ஒதுங்கிப் போ, டப்பாவுக்குக் காத்து வேணும்." "ஒதுங்குனா வேகம் போயிருங்க்கா." "கொஞ்சம் போகட்டும். அவனை விட்டுறாத, அவ்வளவுதான்." "சரிக்கா." அடுத்த தடவை நேர்பாதையில் வந்தபோது அவன் சிவப்பு வண்டிக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் விலகி ஓடினான், டப்பாவின் வாய் வெயிலில் ஒரு கணம் கறுப்பாகத் தெரிந்தது, இடது நூற்று ஏழு, நூற்று ஏழு, நூற்று ஆறு. இறங்குகிறது. மூக்கடைப்போடு ஓடுகிறது, மூன்றில் ஒரு பங்கு அடைத்திருக்கும், அப்படியும் இறங்குகிறது. எவனாவது பார்க்கிறானா இதை, இந்த மைதானத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள், எல்லோரும் யார் முதல் என்று பார்க்கிறார்கள், இந்த ஆறு எத்தனை பெரிய ஆறு என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது, யாராவது கேட்டால் காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியே போயிருந்தால் முடிந்திருக்கும். நூற்று ஆறு, நூற்று ஏழு, நூற்று ஆறு என்று ஊசலாடிக்கொண்டு, சிவப்பு வண்டிக்கு ஒரு வண்டி தூரம் பின்னால், இரண்டாவது இடம், நல்ல இடம், நூற்றுப்பத்தைத் தொடாமல், கொடுத்த வாக்குக் கெடாமல், ஆறு வண்டிக்கும் அவளுடைய டப்பா. அவள் மனசுக்குள் ஆறு வண்டியும் வரிசையாக நின்றுகூட விட்டன. கடைசி ரவுண்டுக்கு முந்தின வளைவில் ஷாகுல் கூப்பிட்டான். "அக்கா, அவனுக்குப் பின்டயர் போயிருச்சுங்க்கா, வளைவுல வழுக்கறான். கடைசி ரவுண்டு பின்னாடி ஒட்டுனேன்னா நேர்பாதையில எடுத்துருவேன். ஒட்டட்டா?" ஒட்டினால் ஏறும். எவ்வளவு ஏறும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது, நாலு, இல்லை ஐந்து, அதற்கு மேல் போகாது, அதாவது எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, அதாவது நூற்றுப்பத்தைத் தாண்டும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஷாகுல் கேட்டுக்கொள்வான், நல்ல பையன், எஞ்சின் சூடு என்றால் மறுபேச்சுப் பேச மாட்டான். நஞ்சப்பண்ணனுக்கும் அது நிம்மதியாகத்தான் இருக்கும். இரண்டாவது இடம் என்ன கேவலமா. அக்கா என்றான் அவன் திரும்பவும். அவனுக்கு இருபத்தாறு வயசு, நாலு வருஷமாக ஓட்டுகிறான், கோட்டைமேட்டில் அவன் அத்தா மெத்தைக் கடைக்கு இன்றைக்கு லீவு விட்டுவிட்டு அந்தக் கம்பிவேலிக்கு அப்பால் எங்கேயோ நிற்கிறார், இவன் இன்னும் ஒரு தடவைகூட முதலில் வந்ததில்லை. அவள் திரையைப் பார்த்தாள். நூற்று ஆறு. என்ன அழகான எண், காப்பாற்றிவைத்த எண், இந்த எண்ணைக் காப்பாற்றுவதுதான் வேலை என்றால் வண்டியை ஷெட்டிலேயே நிறுத்திவைத்திருக்கலாமே, அங்கே எந்நேரமும் முப்பதுதான். முந்துவதற்கல்லவா இடுப்பை வெட்டினாள், முந்துவதற்கல்லவா வாயைச் சின்னதாக்கினாள். தன் டப்பா தாங்கும் என்று தெரிந்துகொண்டே தாங்காத மாதிரி நடந்துகொண்டால் அப்புறம் ஆறு வண்டியில் மாட்டினால் என்ன, அறுபது வண்டியில் மாட்டினால் என்ன. பக்கத்தில் நஞ்சப்பண்ணனுக்கும் ஹெட்செட்டில் எல்லாம் கேட்கிறது, பொத்தான் மட்டும்தான் இவள் கையில். அழுத்தினாள். "ஒட்டிப் போ ஷாகுல். டப்பாவைப் பத்தி நினைக்காத."

அப்புறம் நேரம் என்பதே இல்லை, எண்தான் இருந்தது. நூற்று ஏழு, பின்பக்க நேர்பாதை, மரங்களுக்கு அந்தப் பக்கம் இரண்டு எஞ்சின்களின் சத்தம் ஒன்றாகக் கேட்டது. நூற்று எட்டு. ரேடியேட்டரின் மூன்றில் இரண்டு பங்கு, அந்த இரண்டு பங்கில் ஒவ்வொரு தகடும், ஒவ்வொரு இடுக்கும், தாயே, வாங்கு, வாங்கி வெளியே தள்ளு. பின்வாசலை அவள் எத்தனை தடவை வெட்டி வெட்டி ஒட்டினாள், கையெல்லாம் ஃபைபர் தூசி ஏறி ஒரு மாசம் சொறிந்துகொண்டிருந்தாள், அந்தப் பின்வாசல்தான் இப்போது இழுத்துக்கொண்டிருக்கிறது. நூற்று ஒன்பது. நூற்று ஒன்பது. நூற்று ஒன்பதில் நின்றது, நின்றுவிடுமா, அவ்வளவு அதிர்ஷ்டம் அவளுக்கு என்றைக்கு இருந்தது, நூற்றுப்பத்து. தொட்டுவிட்டது. தொட்டதை நஞ்சப்பண்ணனும் பார்த்தார், பார்க்காத மாதிரி இருக்க அவருக்கு வராது. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, பயம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, தலை நிமிர்ந்தது, அவ்வளவுதான். நூற்றுப் பதினொன்று. கடைசி வளைவிலிருந்து இரண்டு வண்டியும் ஒன்றாக வெளியே வந்தன, சிவப்பு முன்னால், அதன் முதுகில் ஷாகுல், பாதி நேர்பாதை வரைக்கும் ஒட்டியே வந்து, சட்டென்று வலது பக்கம் வெட்டினான். இத்தனை நேரம் சிமிட்டாதவள் இப்போது எண்ணை விட்டுவிட்டுப் பாதையைப் பார்த்தாள். கறுப்பு டப்பா சிவப்பு வண்டியின் பக்கத்தில் வந்தது, பக்கத்திலேயே இருந்தது, பிறகு முன்னால் இருந்தது. கோட்டைத் தாண்டினான். ஹெட்செட்டில் ஷாகுல் கத்தினானா அழுதானா என்று தெரியவில்லை, எஞ்சின் சத்தத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. திரையைத் திரும்பப் பார்த்தபோது இடது நூற்று எட்டு, சுத்தமான காற்றைக் குடித்து இறங்கிக்கொண்டிருந்தது.

பிட்டுக்குள் வண்டி வந்து நின்றதும் ஒரே கூட்டம், ஷாகுலைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவன் அத்தா வேலியைச் சுற்றி ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. கூட்டம் அவர்களோடு நகர்ந்துபோன பிறகு வண்டிக்குப் பக்கத்தில் மூன்று பேர்தான் மிச்சம், நஞ்சப்பண்ணன், அந்தோணி, அவள். நஞ்சப்பண்ணன் முகத்தில் சந்தோஷம் இருந்தது, அந்தச் சந்தோஷத்தின் மேல் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது.

"நூத்திப் பதினொன்னு, அம்மிணி."

"பாத்தேனுங்ணா."

"செயிச்சுக் குடுத்துட்டே. இல்லீங்கல. ஆனா வாக்கு வாக்குதான், எனக்கு வேற மாதிரி இருக்கத் தெரியாது."

"நானும் வேற மாதிரி இருக்கச் சொல்லலீங்ணா." அவள் அந்தோணியிடம் திரும்பினாள். ஓடிக்கொண்டிருக்கும்போது எத்தனை பேச்சுகளைச் சேர்த்துவைத்திருந்தாள், ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒன்று, பூவைப் பற்றி, வலையைப் பற்றி, ஆசப்பட்டே என்றதைப் பற்றி, எல்லாம் வெட்டி வெட்டிப் பாலிஷ் போட்டுத் தயாராக நின்றன. ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை. கெஞ்சுகிற வேலையும் இல்லை, விளக்குகிற வேலையும் இல்லை, தான் செய்தது என்ன என்று தனக்குத் தெரியும். "டப்பாவைக் கழட்டிருங்க அந்தோணி. இடது பக்கம் முதல்ல."

அந்தோணி திருகாணிகளைக் கழற்றி டப்பாவைத் தூக்கினான். வேகவைத்த பூவின் வாசம் குப்பென்று வந்தது. ரேடியேட்டரின் முகத்தில் கீழேயிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்குக்கு மஞ்சளும் பழுப்புமாகச் செவ்வந்தி இதழ்கள் பாய் விரித்த மாதிரி அப்பியிருந்தன. நஞ்சப்பண்ணன் குனிந்தார். நகத்தால் ஒரு இதழைச் சுரண்டினார், அது தகடுகளின் கோடு பதிந்து வந்தது. சட்டைக் கை மடிப்பில் செருகியிருந்ததை அப்போதுதான் பார்த்தார், எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வலது பக்கத்தையும் கழற்றச் சொன்னார், அது கழுவிவைத்த மாதிரி இருந்தது. திரும்ப இடது பக்கம் வந்து நின்றார்.

"என்ற பூவு" என்றார்.

"பூவுக்கு நீங்க, வலையை எடுத்ததுக்கு நானுங்ணா. ரெண்டு பேருக்கும் சமபாதி."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நூத்தி நாலுல."

"சொல்லலியே."

"சொன்னா சாக்குன்னு நினைச்சிருப்பீங்க."

நினைத்திருப்பார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த மஞ்சள் பாயைப் பார்த்துக்கொண்டே, "ஏன் அந்தோணி, பழைய டப்பாவுல இந்த அளவுக்கு அடைச்சிருந்தா எவ்வளவு தூரம் போயிருக்கும்?" என்று கேட்டார். அந்தோணி தன் முழங்கையில் இருந்த பழைய தீத்தழும்பைத் தடவிக்கொண்டே, "பாதி ரேஸ் தாண்டாதுங்" என்றான்.

நஞ்சப்பண்ணன் நிமிர்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் வாக்குக் குடுத்தது டப்பாவுக்கு. பூவுக்கில்ல." அவள் பக்கம் பார்க்காமல் அந்தோணியைப் பார்த்தே சொன்னார், அது அவருடைய வழக்கம், பெரிய விஷயத்தை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது. "ஆறு வண்டிக்கும் அம்மிணி டப்பாவே போட்ரு. ஷெட்டுல பழசு ரெண்டு கெடக்குதல்ல, அதை நிமித்தி வெச்சு மண்ணைக் கொட்டி, செவ்வந்தி நட்டு உட்ரு."

கோகிலவாணி சிரித்தாள், நூற்று நாலிலிருந்து அடக்கிவைத்திருந்த சிரிப்பு.

"மண்ணு நெறையாச் சொல்லி வைங்ணா," என்றாள், "அதுக்கு வாய் பெருசு."